கிராங்குக்கு எண்ணெய்: பெரிய பம்ப்பா, குறுக்குத் துளையா, சம்பு தடுப்பா?

வியாசர்பாடி, மாதவரம் பக்கம் ரேஸ் இன்ஜினைப் பிரித்துப் போட்டால் கிராங்குக்கு (பிஸ்டனின் ஏற்ற இறக்கத்தைச் சுழற்சியாக்கும் தண்டு) எண்ணெய் போதவில்லை என்று முதலில் காதில் விழுவது, "பெரிய ஆயில் பம்ப் போட்டுக்கலாம்ணா". சோழவரம் ரேஸ் இருங்காட்டுக்கோட்டைக்குப் போய் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகியும் இந்தப் பேச்சு மாறவில்லை.

பம்ப் எவ்வளவு தள்ளினாலும், உள்ளே போகிற அளவைத் தீர்மானிப்பது கிராங்குக்கும் அதைத் தாங்கும் பேரிங்குக்கும் நடுவே உள்ள இடைவெளிதான். மிச்சம், அழுத்தம் கூடினால் திறக்கும் ரிலீஃப் வால்வு வழியே திரும்பிவிடும். எண்ணெய் சூடானதும் கொஞ்சம் பவர் போனதும்தான் கண்ட பலன். சூடான இன்ஜினில் 1000 ஆர்பிஎம்முக்கு 10 பிஎஸ்ஐ எண்ணெய் அழுத்தம் என்கிற பழைய கணக்கு வந்தால் கம்பெனி பம்ப்பே போதும். இடைவெளிக்கு, ஜர்னல் (பேரிங்குக்குள் சுழலும் கிராங்கின் பகுதி) விட்டத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்று ஆரம்பிக்கலாம், 45 மி.மீ. ஜர்னலுக்கு 0.045 மி.மீ. அதற்கு மேல் வேண்டுமென்றே தளர்த்தினால் மட்டும் பெரிய பம்ப்பைக் கேளுங்கள்.

பிளாக்கில் உட்காரும் மெயின் ஜர்னலைக் குறுக்கே துளைத்தால் கனெக்டிங் ராடு பேரிங்குக்குச் சுற்று முழுக்க எண்ணெய் கிடைக்கும் என்பார்கள். உண்மைதான். ஆனால் எண்ணெய் ஜர்னலின் நடுவுக்குப் போக மையவிலக்கு விசையை எதிர்த்து ஏற வேண்டும். 8000 ஆர்பிஎம்மில் ஓட்டுகிறவனுக்கு எங்கே தேவையோ அங்கேயே அழுத்தம் பற்றாது. சுற்றிலும் எண்ணெய்ப் பள்ளம் வெட்டிய பேரிங்கும் அப்படித்தான்: பேரிங்கின் அடிப்பாதிதான் சுமை தாங்குகிறது, அதன் பரப்பையே வெட்டிவிடுகிறோம். மேல் பாதியில் மட்டும் பள்ளம் இருப்பதைத்தான் நான் எடுப்பேன்.

காசு குறைவு, பலன் அதிகம் என்றால் ஜர்னலில் உள்ள எண்ணெய்த் துளை வாயைச் சரிசெய்வதுதான். ஜர்னலை அண்டர்சைஸுக்கு (குறைந்த விட்டத்துக்கு) கிரைண்டிங் பண்ணியதும் பழைய சரிவு தேய்ந்து வாய் கூர்மையாகிவிடும். அந்த விளிம்பு புது பேரிங்கை வழித்தெடுக்கும். லேசாகச் சரித்து, மெல்லிய உப்புத்தாளை எண்ணெயில் தோய்த்து மழுக்குங்கள். விரல் நகம் தட்டக்கூடாது. பிறகு கிராங்கின் எண்ணெய் வழியை அடைக்கும் பிளக்குகளைக் கழற்றி, மண்ணெண்ணெய் ஊற்றி பிரஷ் விடுங்கள். கரிக்குழம்பும் கிரைண்டிங் துகளும் சேர்ந்து வரும். இதைச் செய்யாமல் கட்டுகிற பட்டறைகள்தான் அதிகம்.

ஆனாலும் என் ஓட்டு சம்புக்குத்தான், அதாவது இன்ஜின் அடியில் எண்ணெய் தேங்கும் தொட்டிக்கு. வளைவில் எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்க, பம்ப்புக்கு எண்ணெய் எடுக்கும் பிக்கப் குழாய் காற்றை உறிஞ்சினால் மேலே செய்த எந்த வேலையும் காப்பாற்றாது. எண்ணெயைத் தனித் தொட்டியில் வைக்கும் டிரை சம்ப் அருமை, விலையைக் கேட்டால் இன்னொரு இன்ஜினே வாங்கிவிடலாம். சம்புக்குள் தகடு வைத்து, ஒரு பக்கம் மட்டும் திறக்கும் கதவுத் தடுப்பு வெல்டிங் பண்ணுவது நம் ஊர் வழி. கதவு பிக்கப் பக்கம் திறக்கிற மாதிரி கீல் வைக்கச் சொல்லுங்கள். மாற்றி வைத்தால் எண்ணெய் வெளியே போகும், உள்ளே திரும்பாது.