இறால் டின்னர்: கடாயா, ஓவனா, வெந்நீரா?

ஆளுங்கள சாப்பிட கூப்பிட்டாச்சு, ரொம்ப நேரம் அடுப்படியில நிக்கவும் முடியாது, ஆனா தட்ட பார்த்ததும் அசந்து போகணும்னா என் ஓட்டு இறாலுக்குத்தான். வேக 3 நிமிஷம் போதும். பிரச்சனையும் அதே 3 நிமிஷம்தான், கொஞ்சம் அசந்தா ரப்பர் ஆயிடும். அதனால ருசி எதுல ஜாஸ்திங்கறத விட, கவனம் சிதறினாலும் எது காப்பாத்தும்னுதான் நான் பாப்பேன்.

ருசில கடாய அடிச்சுக்க ஆளே இல்ல. கடாய் நல்லா காயணும், இறால துணியில ஒத்தி ஈரம் சுத்தமா எடுத்திருக்கணும், ஒண்ணுமேல ஒண்ணு படாம பரப்பணும், ஒரு பக்கம் ஒண்ணரை நிமிஷம், திருப்பி போட்டு இன்னும் ஒரு நிமிஷம், அவ்ளோதான். பூண்ட முதல்லயே போட்டா கருகி கசக்கும், அதனால கடைசி அரை நிமிஷத்துல போடுங்க, அப்புறம் அடுப்ப அணைச்சுட்டு குளிர்ந்த வெண்ணெயும் எலுமிச்சை சாறும் விட்டு கடாய சுழட்டினா சாஸ் தானா திக்கா வந்துடும். ஆனா இதெல்லாம் ரெண்டு பேருக்குத்தான். ஆறு பேருக்கு ஒரு கிலோ இறால ஒரே தடவையில கொட்டினா தண்ணி விட்டு வெந்து போகுமே தவிர வறுபடாது. நாலு ஈடா போட்டா முதல் ஈடு ஆறிடும். நான் ஒரு தடவை இப்படித்தான் எல்லாரும் ஹால்ல சிரிச்சு பேசிட்டு இருக்க புகைக்குள்ள தனியா நின்னேன், அதோட கும்பலுக்கு கடாய்ங்கற எண்ணமே போச்சு.

ஓவன்ல அந்த தொல்லை இல்ல. 200 டிகிரி சூடு பண்ணிட்டு எண்ணெய், உப்பு, பூண்டு, மிளகாய் தூள் பிரட்டி ட்ரேல ஒரே அடுக்கா பரப்பினா பெரிய இறால் 6லேர்ந்து 8 நிமிஷத்துல எல்லாம் ஒண்ணா ரெடி. கடாய் அளவுக்கு செவக்காது, உண்மைதான். அதுக்குத்தான் ஓட்டோட போடுறது: கத்திரிக்கோலால முதுகு ஓட்ட மட்டும் வெட்டி குடல எடுத்துட்டு அப்படியே வச்சா ஓடு சதைய காய விடாது, மணமும் தூக்கும், ட்ரேயோட மேஜைல வைக்கும்போது அந்த ஆரஞ்சு கலரே பாதி வேலைய முடிச்சிடும். கையில உரிச்சு சாப்பிட கூச்சப்படுறவங்க வராங்கன்னா வேணாம்.

மூணாவது வெந்நீர். உப்பு தண்ணி கொதிச்சதும் அடுப்ப அணைச்சு, இறால போட்டு மூடி, 3-4 நிமிஷத்துல எடுத்து ஐஸ் தண்ணில போடுறது. முன்னாடியே பண்ணி ஃப்ரிட்ஜ்ல வச்சுக்கலாம், டென்ஷனே இல்ல. ஆனா வீட்டுக்குள்ள நுழையறப்ப ஒரு வாசனை வரணும்ல, அது வராது.

எந்த வழின்னாலும் பெருசா வாங்குங்க. பாக்கெட்ல 16/20னு போட்டிருந்தா ஒரு பவுண்டுக்கு, அதாவது சுமார் 450 கிராமுக்கு, 16லேர்ந்து 20 இறால்னு அர்த்தம், நம்பர் குறைய குறைய சைஸ் பெருசு. ஏற்கனவே வெந்து பிங்க்கா இருக்குறத தொடாதீங்க, மறுபடி சுட வச்சா ரப்பர்தான். உரிச்ச இறாலா இருந்தா அரை கிலோவுக்கு அரை ஸ்பூன் உப்பு, கால் ஸ்பூன் பேக்கிங் சோடா பிசறி 15 நிமிஷம் விட்டா நேரம் கொஞ்சம் தப்பினாலும் மொறுக்குனு நிக்கும். ஆங்கில C எழுத்து மாதிரி வளைஞ்சா எடுத்துடணும், O மாதிரி சுருண்டுச்சுன்னா லேட்.

கடாய்க்காக உரிக்கிறவங்க ஓட்ட குப்பைல போடாதீங்க. சமைக்கற வெண்ணெய்லயே முதல்ல அத 5 நிமிஷம் சின்ன தீயில வதக்கி வடிகட்டுங்க, ஓட்டுல இருக்குற நிறம் கொழுப்புல கரையற ஜாதி, வெண்ணெய் முழுக்க ஆரஞ்சாயிடும், அத ஆற வச்சு கெட்டியாக்கி கடைசில விட்டு சாஸ் பண்ணி பாருங்க.