வட்டியில்லாக் கடனில் ஆதாயம்: ஐம்பது நாள் அவகாசமா, நோ காஸ்ட் இஎம்ஐயா, ரொக்கத் தள்ளுபடியா?

கோடைக்கு முன் ரூ.60,000 விலையில் ஓர் ஏசி வாங்க வேண்டியிருக்கிறது என்றும், அதற்குரிய பணம் வங்கிக் கணக்கில் முழுவதுமாக இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். பணம் இருந்தும் அதை உடனே கொடுக்காமல், கிரெடிட் கார்டு தரும் வட்டியில்லா அவகாசத்தைப் பயன்படுத்திக்கொண்டு, அந்த நாட்களில் நம் பணத்துக்கு வட்டி ஈட்டுவது ஆதாயம்தானே என்று கணக்குப் போடுகிறவர்கள் பெருகியிருக்கிறார்கள். கணக்கு தவறில்லை. ஆனால் அந்த ஆதாயம் எத்தனை ரூபாய், ஒரு சிறு பிசகு நேர்ந்தால் போவது எத்தனை ரூபாய் என்ற இரண்டையும் ஒரே தாளில் எழுதிப் பார்த்தவர்கள் குறைவு. இங்கே மூன்று வழிகளை அந்த ஏசியை வைத்தே ஒப்பிடுகிறேன்: கார்டில் வாங்கி, பில்லின் முழுத் தொகையையும் கடைசித் தேதிக்குள் கட்டுவது முதல் வழி, ‘கூடுதல் செலவில்லை’ என்ற பெயரில் மாதத் தவணையாகக் கட்டும் நோ காஸ்ட் இஎம்ஐ இரண்டாவது, கடையில் பேரம் பேசி ரொக்கமாகவோ யுபிஐ மூலமாகவோ கொடுப்பது மூன்றாவது.

முதலில் ஒரு வேறுபாட்டைச் சொல்லிவிட வேண்டும். பிரிட்டனில் புதிய கார்டுகளில் ஓராண்டுக்கும் மேல் 0% வட்டி கிடைப்பதுண்டு. அந்தப் பணத்தைச் சேமிப்பில் போட்டு வட்டி ஈட்டும் உத்திக்கு அங்கே ‘ஸ்டூசிங்’ என்று தனிப் பெயரே வழங்குகிறது. அந்த ஊர் அறிவுரைகளைப் படித்துவிட்டு இந்தியக் கார்டில் அதையே செய்ய முயல்வது முதல் தவறு. நமக்குப் பொதுவாகக் கிடைப்பது 20 முதல் 50 நாள் அவகாசம் மட்டுமே. அவகாசம் குறைவு என்பதால் ஆதாயமும் குறைவு. கார்டு வட்டியோ பல வங்கிகளில் மாதத்துக்கு 3.75%, அதாவது ஆண்டுக்கு 45% வரை போகிறது. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் கார்டு வட்டி வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008-இல் பிறப்பித்த உத்தரவை, உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20-ஆம் தேதி ரத்து செய்துவிட்டது. எனவே அந்த உச்சவரம்பு நம்மைக் காப்பாற்றும் என்று எண்ணியிருக்க வேண்டாம்.

முழுத் தொகையைக் கட்டும் வழி

உங்கள் பில் தேதி ஒவ்வொரு மாதமும் 15, கட்ட வேண்டிய கடைசித் தேதி அடுத்த மாதம் 5 என்று கொள்வோம். ஏப்ரல் 16-ஆம் தேதி ஏசி வாங்கினால் அது மே 15 பில்லில் வரும். ஜூன் 5-க்குள் கட்டினால் போதும். ஆக, 50 நாள் கிடைக்கிறது. அதே ஏசியை இரண்டு நாள் முன்னதாக, ஏப்ரல் 14-ஆம் தேதி வாங்கினால், மறுநாளே பில்லில் ஏறி, மே 5-ஆம் தேதி கட்ட வேண்டியதாகிவிடும். கிடைப்பது 21 நாள்தான்.

பெரிய வங்கிகள் பலவற்றில் இப்போது சேமிப்புக் கணக்குக்கு 2.5% அளவில்தான் வட்டி கிடைக்கிறது. அந்தக் கணக்கில் 60,000 ரூபாய் 50 நாள் கிடந்தால் வருவது ரூ.205. 21 நாள் கிடந்தால் ரூ.86. ஆண்டுக்கு 6% தரக்கூடிய லிக்விட் ஃபண்டில் (குறுகிய காலக் கடன் பத்திரங்களில் பணத்தைப் போடும் மியூச்சுவல் ஃபண்டில்) போட்டு வைத்தால் 50 நாளுக்கு ஏறத்தாழ ரூ.493 வரும்; 20% வரி வரம்பில் இருப்பவருக்கு செஸ் உள்பட வரி போக மிஞ்சுவது ரூ.390. பழைய வருமான வரி முறையில் இருப்பவர்களுக்குச் சேமிப்புக் கணக்கு வட்டியில் ஆண்டுக்கு ரூ.10,000 வரை கழிவு உண்டு. புதிய முறையில் அது இல்லை.

இதற்கு எதிர்ப்பக்கத்தில் எழுத வேண்டிய தொகை இதுதான். பணம் கையில் இருக்கிறது, ஆனால் மறதியால் ஜூன் 5-க்குப் பதிலாக ஜூன் 10-ஆம் தேதி கட்டுகிறீர்கள். தாமதித்தது ஐந்து நாள் என்பதால் ஐந்து நாளுக்குத்தான் வட்டி என்று பலரும் நம்புகிறார்கள். அப்படி இல்லை. கடைசித் தேதிக்குள் முழுத் தொகையும் கட்டப்படாவிட்டால் வட்டியில்லா அவகாசமே பறிபோகிறது. பொருள் வாங்கிய நாளிலிருந்து வட்டி கணக்கிடப்படுகிறது. 60,000 ரூபாய்க்கு 45% வீதத்தில் 55 நாள் வட்டி ரூ.4,068, அதன்மேல் 18% ஜிஎஸ்டி சேர்ந்தால் ஏறத்தாழ ரூ.4,800. தாமதக் கட்டணம் இதற்கு மேல் தனி. சேமிப்புக் கணக்கில் ஈட்டிய 205 ரூபாயோடு ஒப்பிட்டால், இப்படிப்பட்ட இருபத்துமூன்று கொள்முதல்களின் மொத்த ஆதாயத்தை ஒரே ஒரு மறதி விழுங்கிவிடுகிறது. அதோடு முடிவதும் இல்லை: முந்தைய பாக்கி நிற்கும்வரை, புதிதாக வாங்கும் மளிகைக்கும் பெட்ரோலுக்கும்கூட வாங்கிய நாளிலிருந்தே வட்டி ஓடும்.

கடைசித் தேதி கடந்து மூன்று நாளுக்கு மேல் ஆனால்தான் தாமதக் கட்டணம் விதிக்கலாம், கடன் தகவல் நிறுவனங்களுக்கும் பாக்கி என்று தெரிவிக்கலாம் என்று ரிசர்வ் வங்கியின் கார்டு விதிமுறைகள் சொல்கின்றன. இதை ‘மூன்று நாள் சலுகை’ என்று புரிந்துகொண்டு நாளைக் கடத்துவது ஆபத்தானது. அந்த விதி பேசுவது தாமதக் கட்டணத்தையும் பாக்கிப் பதிவையும் பற்றித்தான். வட்டி நிற்கும் என்ற உறுதி அதில் இல்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றையும் சொல்ல வேண்டும். முதல் கார்டு வாங்கியபோது மறதிக்கு மருந்தாக, பில் பணத்தை வங்கியே கணக்கிலிருந்து எடுத்துக்கொள்ளும் ஆட்டோ டெபிட் வசதியைப் பதிவு செய்தேன். படிவத்தில் ‘மொத்தத் தொகை’, ‘குறைந்தபட்சத் தொகை’ (அந்த மாதம் கட்டியே ஆக வேண்டிய சிறு பகுதி) என்று இரண்டு கட்டங்கள் இருந்ததை நான் கவனிக்கவில்லை. கணக்கில் போதிய பணம் இருந்தும் வங்கி பில்லின் ஐந்து சதவீதத்தை மட்டுமே எடுத்துக்கொண்டது. மிச்சம் முழுவதற்கும் வட்டி ஏறிய செய்தி அடுத்த பில் வந்தபோதுதான் தெரிந்தது. வாடிக்கையாளர் சேவைக்குப் பேசியபோது, நான் கையெழுத்திட்டபடிதான் நடந்திருக்கிறது என்றார்கள். அவர்கள் சொன்னது சரி. அன்றிலிருந்து யார் என்னிடம் கார்டைப் பற்றிக் கேட்டாலும், வேறெதையும் பேசுவதற்கு முன் அந்தக் கட்டத்தைத்தான் முதலில் பார்க்கச் சொல்கிறேன். இன்னொன்றும் உண்டு: ஆட்டோ டெபிட் பதிவாவதற்கு முன்பே வந்துவிட்ட பில்லுக்கு அது பொருந்தாமல் போகலாம், அந்த ஒரு பில்லைக் கையால் கட்டிவிட வேண்டும்.

நோ காஸ்ட் இஎம்ஐ

இந்தப் பெயரே பாதி உண்மைதான். வட்டி இல்லாத கடன் என்று ஒன்று கிடையாது. வட்டியை யார் தருகிறார்கள் என்பதுதான் கேள்வி. கார்டுகளில் ‘ஜீரோ சதவீத’ இஎம்ஐ என்ற பெயரில், வட்டியைப் பிராசசிங் கட்டணமாக மாற்றி வாங்குவதை ரிசர்வ் வங்கி 2013 செப்டம்பரிலேயே கண்டித்தது. அதன் கார்டு விதிமுறைகள், அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, அதை ஈடுகட்டத் தரப்படும் தள்ளுபடி எவ்வளவு என்பதை இஎம்ஐயாக மாற்றுவதற்கு முன்பே தெளிவாகக் காட்ட வேண்டும், பில்லிலும் தனித்தனியே குறிப்பிட வேண்டும், வட்டியுள்ள இஎம்ஐயை வட்டியில்லாதது போல் மறைத்துக் காட்டக் கூடாது என்று சொல்கின்றன. எனவே அந்த விவரம் திரையில் வரும்போது ‘சரி’ பொத்தானை அவசரமாக அழுத்தாமல் நின்று படிக்கும் உரிமை நமக்கு இருக்கிறது.

நம் ஏசிக்கு ஆறு மாத நோ காஸ்ட் இஎம்ஐ, மாதம் ரூ.10,000 என்று கொள்வோம். வங்கியின் வட்டி ஆண்டுக்கு 16% என்றால், உண்மையில் நடப்பது இது: விற்பவரோ தயாரிப்பாளரோ விலையில் ரூ.2,703 தள்ளுபடி தருகிறார், வங்கி ரூ.57,297-ஐ நமக்குக் கடனாகத் தருகிறது. ஆறு தவணையில் அதே ரூ.2,703-ஐ வட்டியாக வாங்கிக்கொள்கிறது. தள்ளுபடியும் வட்டியும் ஒன்றையொன்று அடித்துவிடுகின்றன. ஆனால் வட்டியின் மீதான 18% ஜிஎஸ்டியை யாரும் ஈடுகட்டுவதில்லை; அந்த ரூ.487 நம் தலையில்தான் விழுகிறது. பிராசசிங் கட்டணம் ரூ.199 என்றால் ஜிஎஸ்டியோடு ரூ.235. ஆக, ‘செலவில்லாத’ இஎம்ஐயின் செலவு ரூ.722.

இதற்கு ஈடாக நம் பணம் எவ்வளவு சம்பாதிக்கிறது? ஏப்ரல் 16-இல் வாங்கி, முதல் தவணையை ஜூன் 5-இலும் பிறகு மாதம் ஒன்றுமாகக் கட்டினால், மாதத்துக்கு 30 நாள் என்று கொண்டு, குறைந்துகொண்டே வரும் இருப்புக்குச் சேமிப்புக் கணக்கில் கிடைப்பது மொத்தம் ரூ.514 அளவுதான். அதாவது 208 ரூபாய் நஷ்டம். 6% தரும் லிக்விட் ஃபண்டில் வைத்தால் ரூ.1,233 வரும், வரி போக ரூ.976, செலவைக் கழித்தால் கையில் நிற்பது ரூ.254. முதல் வழியில் இதே ஃபண்டில் 50 நாளில் கிடைத்தது ரூ.390 என்பதை நினைவில் கொள்ளுங்கள். ஆறு மாதக் கடன், ஐம்பது நாள் கடனைவிடக் குறைவாகத் தருகிறது! பல கார்டுகளில் இஎம்ஐ கொள்முதலுக்கு, செலவுக்கேற்பத் தரும் ரிவார்டு புள்ளிகளும் கிடையாது என்பதைச் சேர்த்தால் இடைவெளி இன்னும் விரியும்.

இந்த வழியின் பிசகுகளும் வேறு மாதிரியானவை. தவணைத் தொகை முழுவதும் பில்லின் குறைந்தபட்சத் தொகையில் சேர்ந்துவிடுவது வழக்கம். அதனால் குறைந்தபட்சத் தொகை வழக்கத்தைவிடப் பலமடங்கு பெரிதாக வந்து நிற்கும். கடனை முன்கூட்டியே முடிக்க நினைத்தால் நிலுவை அசலில் 3% அளவில் கட்டணம் வாங்கும் வங்கிகள் பல. பொருளைத் திருப்பிக் கொடுத்தால், கடை பணத்தைத் திருப்பிவிட்டதாலேயே இஎம்ஐ நின்றுவிடும் என்று நினைக்கக் கூடாது. வங்கியைத் தனியே அழைத்து ரத்து செய்ய வேண்டியிருக்கும், அதற்குள் கட்டிய பிராசசிங் கட்டணமும் ஜிஎஸ்டியும் திரும்பி வரும் என்று எதிர்பார்க்க முடியாது. கார்டு வரம்பு ஒரு லட்சமாக இருந்தால் தொடக்கத்தில் அதில் பாதிக்கும் மேல் முடங்கிவிடும், தவணை கட்டக் கட்டத்தான் மெல்ல விடுபடும்; வரம்பில் பெரும்பகுதியைப் பயன்படுத்திக்கொண்டே இருப்பது கடன் தருபவர்கள் பார்க்கும் சிபில் மதிப்பெண்ணுக்கும் நல்லதில்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பிக்கப் போகிறவர்கள் இந்த ஒன்றுக்காகவே இஎம்ஐயைத் தள்ளி வைக்கலாம்.

பேரம் பேசி ரொக்கம்

மேலே சொன்ன எல்லாக் கணக்குகளும் விலை மாறாது என்ற ஊகத்தில் நிற்பவை. தி.நகரிலோ மதுரையிலோ ஒரு வீட்டு உபயோகப் பொருள் கடைக்குப் போனால் அந்த ஊகமே ஆட்டம் காணும். கார்டு தேய்த்தால் கடைக்காரர் வங்கிக்குக் கட்டணம் கொடுக்க வேண்டியிருக்கிறது. இஎம்ஐ என்றால் வட்டித் தள்ளுபடியின் சுமையும் விற்கும் பக்கத்தில் யாரோ ஒருவர் மேல் விழுகிறது. “யுபிஐயில் இப்போதே தருகிறேன், கடைசி விலை சொல்லுங்கள்” என்று கேட்டால் இறங்குவதற்கு அவரிடம் இடம் இருக்கிறது. எவ்வளவு இறங்கினால் லாபம்? லிக்விட் ஃபண்டில் 50 நாளில் கிடைக்கும் ரூ.493-ஓடு, கார்டு 1% புள்ளிகள் தருவதாகக் கொண்டு ரூ.600-ஐயும் கூட்டினால் ரூ.1,093. வெறும் 2% தள்ளுபடி என்பது ரூ.1,200. ஆகவே கடைக்காரர் இரண்டு சதவீதம் குறைத்தாலே வட்டியில்லாக் கடன் தோற்றுவிடுகிறது. அதோடு இந்த வழியில் நினைவில் வைக்க வேண்டிய தேதி எதுவும் இல்லை. மூன்றிலும் பிசகு நேர வாய்ப்பே இல்லாத வழி இதுதான்.

இணையக் கடைகளின் பண்டிகை விற்பனையில் நிலைமை தலைகீழாகலாம். குறிப்பிட்ட வங்கியின் கார்டுக்கு ரூ.1,500 உடனடித் தள்ளுபடி என்றால், பேரத்துக்கு இடமில்லாத அந்த விலையில் முதல் வழியே சிறந்தது. சில நேரம் முழுத் தொகைக்கு ரூ.1,500, இஎம்ஐக்கு ரூ.2,500 என்று இரண்டு அளவில் தள்ளுபடி தருவார்கள். அப்போது கூடுதலாகக் கிடைக்கும் ஆயிரத்திலிருந்து 722 ரூபாய்ச் செலவைக் கழித்துப் பாருங்கள்; 278 ரூபாய் மிஞ்சுகிறது. இஎம்ஐயை நான் ஏற்பது இப்படி எண்ணிப் பார்த்து மிச்சம் நிற்கும்போது மட்டும்தான்.

கார்டில் ரொக்கம் எடுத்து அதை வேறிடத்தில் போட்டு வட்டி ஈட்டலாமா என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். பெரும்பாலான கார்டுகளில் ரொக்கத்துக்கு வட்டியில்லா அவகாசம் கிடையாது. எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும், 2.5% அளவில் கட்டணமும் உண்டு. 50,000 ரூபாய் எடுத்தால் கட்டணமும் ஜிஎஸ்டியும் மட்டுமே ரூ.1,475. இதை ஒப்பீட்டில் சேர்ப்பதற்கே தகுதியில்லை.

ஆகவே பணம் கையில் உள்ளவருக்கு என் வரிசை இது: இரண்டு சதவீதமோ அதற்கு மேலோ விலை குறைந்தால் ரொக்கம்; விலை குறையாத இடத்தில் பில் தேதிக்கு மறுநாள் கார்டு; கூடுதல் தள்ளுபடி செலவைத் தாண்டினால் மட்டும் இஎம்ஐ. பணம் கையில் இல்லாமல், அடுத்த மாதச் சம்பளத்தை நம்பி வாங்குகிறவருக்கு இந்த வரிசை பொருந்தாது. அவருக்கு வட்டி ஈட்டும் இருப்பே இல்லை. 45% வட்டிக்குள் விழாமல் இருப்பதுதான் அவருடைய ஆதாயம், அதற்கு நிச்சயமான தவணையும் தெரிந்த செலவும் கொண்ட இஎம்ஐ, 722 ரூபாய் கொடுத்தாலும் தகும். மாதக் கடைசியில் வரும் சம்பளத்துக்கும் கார்டின் கடைசித் தேதிக்கும் பொருத்தமில்லை என்றால் பில் தேதியை மாற்றித் தரும்படி வங்கியைக் கேட்கலாம். குறைந்தது ஒரு முறையாவது அந்த வாய்ப்பை வாடிக்கையாளருக்குத் தர வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் விதி. சம்பளம் வந்த மூன்றாம் நாளோ நான்காம் நாளோ கடைசித் தேதி விழும்படி அமைத்து, ஆட்டோ டெபிட்டில் ‘மொத்தத் தொகை’ கட்டத்தைத் தேர்ந்தெடுத்த பிறகு ஏசி கடைக்குப் போகலாம்.