பட்டன் போன், டச் போன்: மூன்று வருடக் கணக்கு

கடையில் 999 ரூபாய்க்கு ஒரு பட்டன் போன் இருக்கிறது, பக்கத்திலேயே 7,299 ரூபாய்க்கு ஒரு டச் போன். வித்தியாசம் ஆறாயிரத்துச் சொச்சம்தானே என்று அப்பாவுக்கும் அம்மாவுக்கும் டச் போனை வாங்கிக் கொடுத்துவிடுகிறோம். ஆனால் போன் வீட்டுக்கு வந்தபிறகு தொடங்கும் ரீசார்ஜ் செலவில்தான் பெரிய பணம் போகிறது. மாடலைப் பார்க்கும் முன் அதைப் பார்த்துவிடுவோம்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் உத்தரவுக்குப் பிறகு, 2025 ஜனவரியில் எல்லா பெரிய நிறுவனங்களும் டேட்டா இல்லாத, பேச்சும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் உள்ள பேக்குகளைக் கொண்டுவந்தன. ஏர்டெல்லில் அப்போது அறிவித்த விலை 84 நாளுக்கு 469, ஒரு வருடத்துக்கு 1,849. ஜியோவில் 84 நாளுக்கு 448, 336 நாளுக்கு 1,748. ஏர்டெல்லிலேயே தினம் 1.5 ஜிபி தரும் 84 நாள் பேக் அப்போது 859. ஏர்டெல் விலையில் மூன்று வருடத்துக்குக் கூட்டினால், பட்டன் போனுக்கு வருட பேக் மூன்று, 5,547. போன் விலையும் ஒரு மாற்று பேட்டரியும் சேர்த்து ஏழாயிரத்துக்குள் முடிந்துவிடும். டச் போனுக்கு 13 ரீசார்ஜ், 11,167, போன் 7,299, கவர், டெம்பர் கிளாஸ், ஒரு தடவை கீழே விழுந்து டிஸ்பிளே கோம்போ (திரையும் டச் கண்ணாடியும் சேர்ந்தது) மாற்றுவது என்று வைத்தால் இருபதாயிரத்தைத் தாண்டும். விலை மாறிக்கொண்டே இருப்பதால் கட்டும் அன்றைக்கு ஒருதடவை கேட்டுக்கொள்ளுங்கள். கேட்கும்போது "வாய்ஸ் ஒன்லி பேக்" என்று பெயர் சொல்லியே கேளுங்கள். சும்மா "84 நாள் போடுங்க" என்றால் பெரும்பாலும் டேட்டா பேக்தான் ஏறும்.

இந்தப் பதிமூன்றாயிரம் வித்தியாசத்தை டச் போன் திருப்பித் தருமா என்பது யார் கையில் இருக்கிறது என்பதைப் பொறுத்தது. வாரம் நாலு தடவை யுபிஐ, பேரக்குழந்தையோடு வீடியோ கால், சொந்தமாக ரயில் டிக்கெட் என்று இருப்பவருக்குத் தாராளமாகத் தரும். பேசவும் ஓடிபி பார்க்கவும் மட்டும் வைத்திருப்பவருக்குத் தராது. கரண்ட் பில்லை மின் இணைப்பு எண் தெரிந்த யாரும் கட்டலாம். இண்டேன் சிலிண்டருக்குப் பதிவு செய்த எண்ணிலிருந்து 84549 55555-க்கு மிஸ்டு கால் கொடுத்தால் போதும். பென்ஷன்காரர்களின் உயிர்வாழ்வுச் சான்றை முகம் காட்டிப் பதிவதற்கு டச் போன் வேண்டும்தான், ஆனால் அது வருடத்துக்கு ஒருநாள் வேலை. மகன் போனிலேயே முடித்துவிடலாம். குடும்பத்துக்கு ஒரு நல்ல டச் போன், பெரியவர்கள் கையில் ஆளுக்கொரு பட்டன் போன். பெரும்பாலான வீடுகளுக்கு இதுவே சரியான ஏற்பாடு.

பட்டன் போனில் மூன்று ரகம். முதலாவது, 2ஜி மட்டும் எடுக்கும் போன். 2024 ஜூனில் 999 ரூபாய்க்கு வந்த எச்எம்டி 105 இந்த வகை: 1000 எம்ஏஎச் கழற்றும் பேட்டரி, டார்ச், எஃப்எம். குறைவாகப் பேசுபவருக்கு நாலைந்து நாள் சார்ஜ் நிற்கும். ஜியோவிடம் 2ஜி கிடையாது என்பதால் இதில் ஜியோ சிம் போட்டால் சிக்னலே வராது. கடையில் வாங்கிவந்து "போன் செத்துவிட்டது" என்று திரும்பக் கொண்டுபோகிறவர்களில் பலரின் பிரச்சினை இதுதான்.

இரண்டாவது, 2023 ஜூலையில் 999-க்கு வந்த ஜியோ பாரத். 4ஜி போன், 28 நாளுக்கு 123 ரூபாய் பேக். மூன்று வருடத்துக்குப் போனோடு சேர்த்து 5,800 ரூபாய்க்குள். மூன்றிலும் மலிவு இதுதான். ஆனால் ஜியோ சிம் மட்டுமே வேலை செய்யும். ஊரில் ஜியோ டவர் சரியில்லை என்றால் வேறு சிம் போட வழியில்லை. இந்த பேக்கையே போட்டால் 28 நாளைக்கு ஒருதடவை ரீசார்ஜ் என்பதும் தனியாக இருக்கும் பெரியவர்களுக்குத் தொந்தரவு. தேதியை மறந்தால் வெளியே கூப்பிட முடியாது, சில நாளில் உள்ளே வரும் அழைப்பும் நிற்கும்.

மூன்றாவது, எந்த சிம்மும் எடுக்கும் 4ஜி பட்டன் போன். நோக்கியா 110 4ஜி 2023 ஜூலையில் 2,499-க்கு வந்தது. 1450 எம்ஏஎச் பேட்டரி. எங்கள் தேர்வு இந்த ரகம்தான். கூடுதலாகக் கொடுக்கும் ஆயிரத்தைந்நூறுக்கு 4ஜி அழைப்பில் குரல் நன்றாகத் தெளிவாக வரும், எந்த நிறுவனத்துக்கும் மாறலாம். காது மிஷின் வைத்திருப்பவர் என்றால் யோசிக்கவே வேண்டாம். 2ஜி போன் வினாடிக்கு 217 தடவை விட்டுவிட்டு அலை அனுப்புவதால் காது மிஷினுக்குள் 'ர்ர்ர்' என்ற இரைச்சல் வரும். போனைக் காதில் வைத்தாலே வலிக்கிறது என்று பெரியவர்கள் சொல்வதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். 4ஜி அழைப்பில் அந்த இரைச்சல் பெரும்பாலும் வராது. போன் அமைப்புகளில் நெட்வொர்க் 4ஜியில் இருக்கிறதா, வோல்டே (4ஜியிலேயே பேசும் வசதி) இயக்கத்தில் இருக்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுங்கள்.

"இதில் வாட்ஸ்அப்பும் ஓடும்" என்று கடைக்காரர் சொன்னால் அங்கேயே திறந்து காட்டச் சொல்லுங்கள். ஜியோபோன் போன்ற, கைஓஎஸ் என்ற மென்பொருளில் ஓடும் பட்டன் போன்களில் வாட்ஸ்அப்பைப் புதிதாக இறக்கும் வசதி 2024 ஜூனிலேயே நிறுத்தப்பட்டுவிட்டது.

பட்டன் போனில் அதிகம் கேட்கும் புகார் "ஓடிபி வரவில்லை". வங்கியையும் டவரையும் திட்டும் முன் இன்பாக்ஸைத் திறந்து பாருங்கள். இந்தப் போன்களில் சில நூறு எஸ்எம்எஸ்ஸுக்குத்தான் இடம். நோக்கியா 105 வகையில் 500. தமிழ் எஸ்எம்எஸ் அதில் இன்னும் அதிக இடம் பிடிக்கும். ஆங்கிலத்தில் ஒரு எஸ்எம்எஸ்ஸுக்கு 160 எழுத்து, தமிழில் 70தான். அதிலும் புள்ளி, துணைக்கால் எல்லாம் தனித்தனி எழுத்துக் கணக்கு. 'அம்மா' என்ற சொல்லே ஐந்து. அதனால் அரசுத் திட்டத்துக்கோ ரேஷனுக்கோ வரும் ஒரு நீளமான தமிழ்ச் செய்தி மூன்று நான்கு துண்டாக வந்து உட்காரும். இடம் நிரம்பினால் புதுச் செய்தி நெட்வொர்க்கிலேயே காத்துக் கிடக்கும். பழையதில் பத்தை அழித்தவுடன் தடதடவென்று வந்து விழும், ஆனால் ஓடிபியின் நேரம் அதற்குள் முடிந்திருக்கும். மாதம் ஒருதடவை முழுதாக அழித்துவிடுங்கள். விளம்பரச் செய்திகளை நிறுத்த, ஆங்கிலத்தில் 'ஸ்டார்ட்', ஒரு இடைவெளி, பூஜ்யம் என்று அடித்து 1909-க்கு அனுப்புங்கள். வங்கிச் செய்தியும் ஓடிபியும் இதனால் நிற்காது.

பட்டன் போனில் யுபிஐ உண்டு, அதற்காக டச் போன் வாங்க வேண்டியதில்லை. ரிசர்வ் வங்கி 2022 மார்ச்சில் தொடங்கிய யுபிஐ 123பே சேவைக்கு நெட்டே வேண்டாம். வங்கியில் பதிவான எண்ணிலிருந்து 080-4516 3666-ஐக் கூப்பிட்டு, மொழியையும் வங்கியையும் தேர்ந்தெடுத்து, டெபிட் கார்டின் கடைசி ஆறு எண்ணும் காலாவதி மாதமும் கொடுத்து பின் நம்பர் அமைக்கலாம். இதன் வரம்பை ஒரு தடவைக்கு 10,000 ரூபாயாக உயர்த்துவதாக ரிசர்வ் வங்கி 2024 அக்டோபரில் அறிவித்தது. இன்னொரு வழி, *99# என்று டயல் செய்வது. அதில் வரம்பு 5,000. பட்டியலில் 1 பணம் அனுப்ப, 3 இருப்புப் பார்க்க. *99#-இல் எல்லோரும் இடறுவது நேரத்தில்தான். ஒவ்வொரு திரைக்கும் சில வினாடிதான் தரும். கண்ணாடியைத் தேடி எடுத்துப் படித்து முடிப்பதற்குள் இணைப்பு அறுந்து முதலிலிருந்து தொடங்கச் சொல்லும். கார்டு எண், பெறுபவர் எண், தொகை மூன்றையும் காகிதத்தில் எழுதி எதிரே வைத்துக்கொண்டு தொடங்கினால் தடங்கல் வராது. பின் நம்பரை மட்டும் அந்தக் காகிதத்தில் எழுதாதீர்கள்.

வாங்கும்போது கடையிலேயே சொந்த சிம்மைப் போட்டு ஒரு அழைப்பு பேசிப் பாருங்கள், ஒலியை முழுதாக வைத்து. ஒவ்வொரு பட்டனையும் அழுத்திப் பாருங்கள். தட்டும் உணர்வு ஒன்றில் மட்டும் மந்தமாக இருந்தால் அடியிலுள்ள டோம் ஷீட் என்ற தகடு சரியில்லை, வேறு பீஸ் கேளுங்கள். இந்தியாவில் விற்கும் பட்டன் போன்களில் 5 அல்லது 9-ஐ நீண்ட நேரம் அழுத்தினால் அவசர அழைப்பு போகவேண்டும் என்பது 2017 முதல் விதி. எந்தப் பட்டன் என்று பெரியவருக்குக் காட்டிக் கொடுங்கள். 2-இல் மகள், 3-இல் மகன், 4-இல் பக்கத்து வீடு என்று ஸ்பீடு டயல் வைத்துவிட்டால் பெயர் தேடும் வேலையே இல்லை. பெயர்களை சிம்மில் சேமிக்காமல் போன் மெமரியில் சேமியுங்கள், சிம்மில் தமிழ்ப் பெயர் பாதியில் அறுந்துவிடும்.

பழைய பேட்டரியை மேசைமேல் படுக்க வைத்து விரலால் சுண்டிப் பாருங்கள். பம்பரம் மாதிரிச் சுற்றினால் அது உப்பிவிட்டது. அதற்குமேல் சார்ஜில் போடக் கூடாது. புதியது வாங்கும்போது பேட்டரி மேல் அச்சிட்ட மாடல் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். நோக்கியாவின் பழைய பிஎல்-5சி மாதிரியே இருக்கும் போலிகள் நிறைய. கையில் எடுத்தாலே எடை குறைவு தெரியும்.

டச் போன்தான் வேண்டும் என்று முடிவானால், பணத்தைக் குறைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டு. 2 ஜிபி ரேம், 32 ஜிபி இடம் உள்ள போனை விலைக்காக வாங்காதீர்கள். ஆண்ட்ராய்டும் அதோடு வரும் ஆப்களும் அதில் பெரும்பங்கை முதல் நாளே பிடித்துக்கொள்ளும். மீதி இடத்தைக் காலை வணக்கப் படங்களும் வீடியோக்களும் ஆறு மாதத்தில் நிரப்பிவிடும். அப்புறம் ஆப் அப்டேட் ஆகாது, அப்டேட் ஆகாத வங்கி ஆப் திறக்காது. போன் நன்றாக இருக்கும், வேலைக்கு ஆகாது. பட்டன் போனின் எளிமையும் இல்லாத, டச் போனின் பயனும் இல்லாத இந்த நடு ரகத்தில்தான் அதிகப் பணம் வீணாகிறது.

2024 பிப்ரவரியில் 7,299-க்கு வந்த ரெட்மி ஏ3 போல 3 ஜிபி, 64 ஜிபி என்பது கீழ் எல்லை. 5000 எம்ஏஎச் பேட்டரி பெரியவர்களுக்கு ஒன்றரை நாள் தாராளமாக வரும். சார்ஜர் 10 வாட் என்பதால் நிரம்ப மூன்று மணிநேரம் போல ஆகும். முடிந்தால் 4 ஜிபிக்குப் போங்கள். 5ஜி என்ற எழுத்துக்காக மட்டும் கூடுதல் பணம் தராதீர்கள். ரெட்மி ஏ4 5ஜி போன்ற மலிவு மாடல் 2024-இல் வந்தபோது ஏர்டெல் 5ஜி எடுக்கவில்லை, ஜியோவில் மட்டும்தான் வந்தது.

வாங்கிய அன்றே வாட்ஸ்அப் அமைப்புகளில் சேமிப்பகம், டேட்டா பகுதிக்குப் போய் மீடியா தானாக இறங்குவதை மூன்று இடத்திலும் அணைத்துவிடுங்கள். அறியாத இடத்திலிருந்து ஆப் நிறுவும் அனுமதி எந்த ஆப்புக்கும் இருக்கக் கூடாது. டிராபிக் ஃபைன், கல்யாணப் பத்திரிகை என்ற பெயரில் வரும் ஏபிகே (ஆப் நிறுவும்) ஃபைல்கள் நுழைவது அந்த வழியாகத்தான். காட்டு வேலை, சுண்ணாம்பு வேலை செய்பவர்களுக்குக் கைரேகை தேய்ந்திருக்கும்; சென்சாரோடு போராட விடாமல் நான்கு எண் பின் வைத்துக் கொடுங்கள். பணம் போய்விட்டால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணைக் கூப்பிடுங்கள்.

பழைய போன் வாங்குவதாக இருந்தால் *#06# அடியுங்கள், 15 இலக்க எண் வரும். ஆங்கிலத்தில் 'கேஒய்எம்' (KYM) என்ற மூன்று எழுத்து, ஓர் இடைவெளி, பிறகு அந்த எண் என்று அடித்து 14422-க்கு எஸ்எம்எஸ் அனுப்புங்கள். திருட்டுப் போன் என்று முடக்கியிருந்தால் பதிலில் தெரிந்துவிடும். புதுப்போன் என்றாலும் அந்த எண்ணை ரேஷன் கார்டு வைக்கும் பையிலேயே எழுதி வையுங்கள், பில்லையும் அதோடு மடித்து வையுங்கள். தொலைந்தால் சஞ்சார் சாத்தி தளத்தில் போனை முடக்க அந்த எண்ணும் போலீஸ் புகார் நகலும் கேட்பார்கள்.