ஹார்ட்டா, லங்ஸா? ட்ரான்ஸ்பிளான்ட் பெத்தாலஜில எந்தப் பக்கம் போறது

மாத்தி வெச்ச உறுப்புல இருந்து எடுத்த திசுவ மைக்ரோஸ்கோப்புல பாத்து, உடம்பு அத எதிர்க்குதா (ரிஜெக்‌ஷன்) இல்லையான்னு சொல்ற வேலை இது. ரெண்டுல எதுன்னு குழம்புறவங்களுக்கு எனக்குப் பட்டதச் சொல்றேன்.

சாம்பிள்: ஹார்ட்டுக்கு குறைஞ்சது 3 துண்டு. லங்ஸுக்கு 5, அதுவும் காத்துப்பை நல்லா விரிஞ்சிருக்கணும், நசுங்கி வந்தா போச்சு.

கிரேடிங் (ரிஜெக்‌ஷன் எவ்ளோ தீவிரம்னு நம்பர் போடுறது): ஹார்ட்டுல செல்லால வர்ற ரிஜெக்‌ஷனுக்கு 0ஆர்ல இருந்து 3ஆர், அவ்ளோதான். ஸ்டான்ஃபோர்டுல மார்கரெட் பில்லிங்ஹாம்ங்கிற பெத்தாலஜிஸ்ட் போட்ட பாதை, ஓரளவு தெளிவு (க்வில்டி, அதாவது ஹார்ட்டோட உள்சவ்வுல சேர்ற வெள்ளணுக் கூட்டம், அது மட்டும் ரிஜெக்‌ஷன் மாதிரி அப்பப்ப ஏமாத்தும்). லங்ஸுல ரத்தக்குழாயச் சுத்தி வர்ற ரிஜெக்‌ஷனுக்கு ஏ0–ஏ4 தனி, சின்ன மூச்சுக்குழாய்க்கு பி தனி, இதுல இன்ஃபெக்‌ஷனும் ரிஜெக்‌ஷன் மாதிரியே வேஷம் போடும், நாள்பட்ட ரிஜெக்‌ஷன் பயாப்சில சிக்காமலே நழுவிடும், அதனால டாக்டருங்ககூட பேசிட்டே இருக்கணும்.

ஆராய்ச்சி: ஹார்ட்டுல டோனர் டிஎன்ஏவ ரத்தத்துலயே பாக்குற டெஸ்ட் வந்தாச்சு, பயாப்சி குறையலாம். லங்ஸுல விடை தெரியாத கேள்வி குவிஞ்சு கெடக்கு.

சீக்கிரம் கை பழகணும்னா ஹார்ட். ரிசர்ச்தான் உயிரு, பொறுமையும் இருக்குன்னா கண்ண மூடிட்டு லங்ஸ்.