மீன் கழிவுக்கு வெயிலா, அமில டிரம்மா?

காசிமேட்டு ஏலத்தில் எடுத்து வரும் மீனையும் இறாலையும் சுத்தம் செய்து தரும் எங்கள் சிறிய கூடத்தில், தலை, குடல், செதில் ஆகியவற்றைக் காயவைத்துக் கோழித்தீவனத்துக்கு விற்பதா, டிரம்மில் பார்மிக் அமிலம் சேர்த்துக் கூழாக்குவதா என்ற கேள்விக்கு, ஓராண்டு இரண்டையும் செய்து பார்த்த பிறகு, டிரம் பக்கம் சாய்ந்துவிட்டோம். சாக்கடையில் தள்ளுவதைவிட இரண்டுமே மேல். அதில் விவாதம் இல்லை.

காயவைப்பதற்குச் செலவு குறைவு. தார்ப்பாயும் ஆளும் இருந்தால் போதும். காய்ந்த சரக்கு எடை குறைந்துவிடுவதால் வண்டி வாடகையும் மிச்சமாகிறது.

எங்களை மாற்றியது மழைதான். வெயில் கொளுத்தும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருப்பதால், காயவைக்க ஏற்ற நாட்களில் கழிவே குறைவு. அக்டோபர் முதல் டிசம்பர் வரை கழிவு வருகிறது, வெயில் வருவதில்லை. சென்ற நவம்பரில், மூன்று நாள் தூறலுக்குப் பிறகு தார்ப்பாயின் ஓரத்தைத் தூக்கியபோது, மேலே உலர்ந்தது போலத் தெரிந்த சரக்கின் அடியில் புழு நெளிந்தது. அத்தனையையும் குழி தோண்டிப் புதைத்தோம். அக்கம்பக்கத்தாரின் ஏச்சு தனிக் கணக்கு.

டிரம்முக்கு வானம் ஒரு பொருட்டல்ல. கழிவை அன்றன்றே பொடியாக அரைத்து, 100 கிலோவுக்கு ஏறத்தாழ 3 கிலோ வீதம் 85 சதவீத பார்மிக் அமிலம் கலந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பி.எச். அளவு 4-க்குக் கீழே இறங்கியதா என்று சோதனைத் தாளில் பார்த்துவிட்டால், அழுகவைக்கும் கிருமிகள் அடங்கிப்போக, மீனின் குடலில் உள்ள நொதிகளே சதையைக் கரைத்துச் சில நாட்களில் கூழாக்கிவிடுகின்றன. கூழ் மாதக்கணக்கில் கெடாது என்பதால், வாங்குபவரின் வண்டி வராத நாளிலும் பதற்றமில்லை. தினமும் கிளறிவிட வேண்டும், கையுறையும் கண்ணாடியும் இல்லாமல் அமிலத்தைத் தொடக் கூடாது, இரும்புப் பாத்திரம் ஆகாது, பராமரிப்பு இவ்வளவுதான்.

குறை எடையில் இருக்கிறது. தண்ணீர் அப்படியே தங்கிவிடுவதால் கூழைத் தொலைதூரம் அனுப்பினால் கட்டுப்படியாகாது. பொன்னேரிப் பக்கம் ஒரு பண்ணைக்காரர் எடுத்துக்கொள்வதால் எங்கள் கணக்கு நிற்கிறது. அவர் நிறுத்தினால் இதே உறுதியோடு எழுதுவேனா என்பது சந்தேகமே. நாங்கள் பார்த்ததும் ஒரே ஒரு மழைக்காலம்தான்.

இறால் ஓட்டுக்கு இந்தச் சிபாரிசு பொருந்தாது. ஓட்டில் உள்ள சுண்ணாம்பு அமிலத்தைத் தின்றுவிடும். முதல் முறை ஊற்றியபோது நுரை பொங்கி டிரம்மின் விளிம்பைத் தாண்டி வழிந்தது, தாளில் பார்த்தால் பி.எச். இறங்கவே இல்லை. கூடுதல் அமிலத்துக்குச் செலவிட மனமில்லாமல், ஓட்டை மட்டும் இன்றும் தார்ப்பாயில்தான் பரப்புகிறோம்.