ஓவியத்துக்கு விலை: மணிக்கணக்கா, அளவுக்கணக்கா?

அசல் ஓவியத்துக்கு விலை வைக்கப் புழக்கத்தில் இருக்கும் வழிகள் ஐந்துதான். ஆன நேரத்தைக் கணக்கிடுவது ஒன்று. கேன்வாஸின் பரப்பளவை ஒரு விகிதத்தால் பெருக்குவது இரண்டாவது. நீளத்தையும் அகலத்தையும் கூட்டி, அந்தக் கூட்டுத்தொகையைப் பெருக்குவது மூன்றாவது. சக ஓவியர்கள் என்ன கேட்கிறார்கள் என்று பார்த்து வைப்பது நான்காவது. ஐந்தாவது, படத்தைச் சுவரில் சாய்த்து வைத்துத் தள்ளி நின்று பார்த்து, மனசுக்குத் தோன்றும் தொகையைச் சொல்வது. புதிதாக விற்க வருபவர்கள் அநேகமாக இந்த ஐந்தாவதில்தான் தொடங்குகிறார்கள். என் கட்சி மூன்றாவது. மற்ற நான்கில் இரண்டுக்கு வேலை உண்டு, ஆனால் விலைச்சீட்டில் இல்லை.

நேரக் கணக்கு கேட்பதற்கு நியாயமாக இருக்கும். மணிக்கு இவ்வளவு, கூட வண்ணம், கேன்வாஸ், ஃபிரேம் செலவு; அவ்வளவுதான். ஆனால் எந்த மணிகளைச் சேர்ப்பது? தூரிகை கையில் இருந்த நேரம் மட்டுமா? ஸ்கெட்ச் போட்டது, பிடிக்காமல் சுரண்டி எடுத்தது, ஒன்றும் செய்யாமல் படத்தையே வெறித்துக்கொண்டிருந்தது எல்லாம் எந்தக் கணக்கில்? இதைவிடப் பெரிய சிக்கல், கை தேறத் தேற விலை இறங்குவது. முன்பு நாற்பது மணி நேரம் பிடித்த முகத்தை இன்று பதினைந்து மணி நேரத்தில் இன்னும் நன்றாக வரைகிறீர்கள். மணி விகிதத்தை ஏற்றாவிட்டால் தேர்ச்சிக்கு நீங்களே அபராதம் கட்டுகிறீர்கள் என்று அர்த்தம்.

இந்தச் சண்டை நீதிமன்றம் வரை போயிருக்கிறது. லண்டனில் ஓவியர் ஜேம்ஸ் விஸ்லர் 200 கினி (அன்றைய பிரிட்டிஷ் பணக் கணக்கு) விலை சொன்ன ஒரு இரவுக்காட்சி ஓவியத்தை, 1877-ல் விமர்சகர் ஜான் ரஸ்கின் எழுத்தில் கிழித்துத் தொங்கவிட்டார். விஸ்லர் அவதூறு வழக்குப் போட்டார். 1878-ல் விசாரணை. இரண்டு நாள் வேலைக்கா 200 கினி என்று எதிர்த்தரப்பு வழக்கறிஞர் கேட்க, ஒரு வாழ்நாளில் சேர்த்த அறிவுக்கு அந்த விலை என்றார் விஸ்லர். வழக்கில் ஜெயித்தார். இழப்பீடாகக் கிடைத்தது ஒரே ஒரு ஃபார்திங், அதாவது அங்கே அப்போதிருந்த மிகச் சிறிய காசுகளில் ஒன்று. அடுத்த வருடமே திவாலானார். வாதம் சரிதான், ஆனால் வாழ்நாள் அறிவை விலைச்சீட்டில் எப்படி எழுதுவது என்பதற்கு அது வழி சொல்லவில்லை.

வாங்குபவர் கண்ணுக்கு நேரம் தெரியாது, அளவு தெரியும். விலைக்கு வெளியில் தெரிகிற ஒரு காரணம் வேண்டும் என்பதை ஓவியர்கள் ரொம்ப முன்னாலேயே பிடித்துவிட்டார்கள். 17-ஆம் நூற்றாண்டு இத்தாலியில் குவெர்சினோ உருவக் கணக்கில் விலை வைத்தார்: முழு உருவத்துக்கு ஒரு விலை, அரை உருவத்துக்கு அதில் பாதி, தலை மட்டும் என்றால் அதிலும் பாதி. குறைந்த தொகையோடு வந்த ஒருவருக்கு, உங்கள் பணத்துக்குப் பாதி உருவத்துக்குக் கொஞ்சம் மேலே கிடைக்கும் என்று அவர் பதில் எழுதினார். பிரான்ஸில் கேன்வாஸ் அளவுகளுக்கே எண்கள் உண்டு. 1912 டிசம்பரில் பிக்காசோ தன் ஓவியங்களை விற்ற வியாபாரி கான்வைலருக்கு எழுதிக்கொடுத்த ஒப்பந்தக் கடிதத்திலும் ஓவியங்களின் விலை அளவுவாரியாகத்தான் இருக்கிறது.

சரி, அளவு என்றால் பரப்பளவா, நீள அகலக் கூட்டுத்தொகையா? பலர் இரண்டும் ஒன்றுதானே என்று நினைத்துவிடுகிறார்கள். கணக்குப் போட்டால் வித்தியாசம் தெரியும். நாணயம் எதுவானாலும் சரி, பரப்பளவு முறையில் சதுர அங்குலத்துக்கு 1 என்றும், கூட்டல் முறையில் அங்குலத்துக்கு 9 என்றும் வைத்துக்கொள்வோம்.

8×10 அங்குலம்: பரப்பளவு முறையில் 80, கூட்டல் முறையில் 162.
16×20 அங்குலம்: 320, 324.
24×36 அங்குலம்: 864, 540.
48×60 அங்குலம்: 2,880, 972.

நடு அளவில் இரண்டும் கிட்டத்தட்ட ஒரே விலை. ஓரங்களில்தான் பிரிகின்றன. பரப்பளவு முறையில் சின்னப் படம் சும்மா கொடுப்பது போல ஆகிவிடும்: 80-க்கு விற்று, கேலரி பாதியை எடுத்துக்கொண்டு, பொருள் செலவு 30 போனால் கையில் நிற்பது 10. கூட்டல் முறையில் அதே படத்தில் 51 நிற்கிறது. சின்னப் படத்துக்குள்ளும் காட்சி அமைப்பு, வண்ணத் தேர்வு, தவறினால் திரும்பப் போடுவது என எல்லாத் தலைவலியும் உண்டு. பரப்பு கால்வாசி என்பதற்காக யோசனை கால்வாசி ஆகிவிடாது. பெரிய படத்தில் நேர்மாறு. பரப்பளவு முறையில் விலை எகிறி, புதிய ஓவியரிடம் யாரும் கொடுக்கத் தயங்கும் தொகைக்குப் போய்விடும்.

கூட்டல் முறைக்கும் ஒரு பலவீனம் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. மிகப் பெரிய கேன்வாஸில் அது விலையை அமுக்கிவிடும். 48×60 படத்துக்கு 972 என்றால், மரச்சட்டம், வண்ணம், அனுப்புவதற்கான மரப்பெட்டி எல்லாம் போக மிச்சம் ஏமாற்றமாகத்தான் இருக்கும். அதனால் பொருள் செலவை விகிதத்துக்குள் ஒளிக்காமல் தனியாகக் கூட்டிவிடுவது நல்லது. கேலரி வழியாக விற்பதானால் அந்தச் செலவை இரண்டு மடங்காகக் கூட்டுங்கள். ஃபிரேமுக்கு 60 செலவழித்து விலையில் 60 மட்டும் சேர்த்தால், பாதிக் கமிஷன் போகத் திரும்பி வருவது 30. மீதி ஃபிரேம் உங்கள் அன்பளிப்பு. அளக்கும்போது படத்தை மட்டும் அளங்கள், ஃபிரேமை அல்ல. காகிதத்தில் செய்த நீர்வண்ணத்துக்குக் கேன்வாஸைவிடக் குறைந்த விகிதம் வைப்பதே சந்தை வழக்கம். அது நியாயமா என்பது வேறு விஷயம்.

அந்த 9 எங்கிருந்து வருகிறது? இங்கேதான் சக ஓவியர்களின் விலை உதவும். உங்கள் ஊடகம் (எண்ணெய் வண்ணமா, நீர்வண்ணமா என்பது), உங்களைப் போன்ற கண்காட்சி அனுபவம், அதே மாதிரி இடங்களில் விற்பவர்கள்; இப்படிச் சிலரின் விலையை எடுத்து நீள அகலக் கூட்டுத்தொகையால் வகுத்துப் பாருங்கள். இணையத்தில் போட்டிருப்பது அவர்கள் கேட்கும் விலை, விற்ற விலை அல்ல; விற்றாகிவிட்டது என்று குறித்திருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஏல விலைகளை அறவே விட்டுவிடலாம். அது பெரும்பாலும் ஏற்கெனவே வாங்கியவர் இன்னொருவருக்கு விற்பது. உங்கள் ஸ்டூடியோ விலைக்கும் அதற்கும் சம்பந்தம் குறைவு.

நேரக் கணக்கையும் தூக்கிப்போட வேண்டாம். அது உங்கள் நோட்டுக்குள் இருக்கட்டும். விற்ற விலையில் கமிஷனும் பொருளும் கழித்து, மிச்சத்தை மணிகளால் வகுத்தால், எந்த அளவும் எந்த வகைப் படமும் உங்களுக்குக் கட்டுப்படியாகிறது என்று தெரியும். மணிக்கு வருவது கேவலமாக இருந்தால் விகிதத்தை ஏற்ற வேண்டும், அல்லது அந்த வகை வேலையை விட வேண்டும். யாராவது சொல்லி வரையும் படத்தில் மட்டும் இது முன்வரிசைக்கு வரலாம். ஏழு பேர் இருக்கும் குடும்பப் படத்தையும் ஒருவர் முகத்தையும் ஒரே அளவு கேன்வாஸ் என்று ஒரே விலைக்குச் செய்ய முடியாது. அங்கே குவெர்சினோவின் தலைக்கணக்குதான் சரி, திருத்தம் எத்தனை முறை என்பதையும் முன்பே எழுதிவிட்டால்.

மனசுக்குத் தோன்றும் விலையைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. பிடித்த படத்துக்கு மூன்று மடங்கு, சலித்த படத்துக்குப் பாதி என்று ஒரே அளவுள்ள இரண்டு படங்கள் பக்கத்தில் தொங்கினால், விலை குறைந்த படத்தில் என்ன குறை என்றுதான் வாங்குபவர் தேடுவார். பிரிய மனமில்லாத படம் என்றால் ‘விற்பனைக்கு அல்ல’ என்று எழுதி வைத்துவிடலாமே.

பட்டியல் போட்டபின் ஸ்டூடியோவிலும் கேலரியிலும் ஒரே விலைதான். கமிஷன் இல்லையே என்று வீட்டில் பாதி விலைக்குக் கொடுத்தால், அடுத்த கண்காட்சிக்கு அந்தக் கேலரி கூப்பிடாது. கூப்பிட்டாலும் வாங்குபவர்கள் அங்கே பார்த்துவிட்டு உங்கள் வீட்டு வாசலுக்கு வருவார்கள். விகிதத்தைத் தாழ்வாகத் தொடங்கி ஏற்றுவது சுலபம். 9-ஐ 10 ஆக்கினால் யாரும் முணுமுணுக்க மாட்டார்கள். 9-ஐ 7 ஆக்கினால், முன்பு 9-க்கு வாங்கியவருக்கு என்ன பதில்? வரையும் படங்களில் பாதிக்கு மேல் தேங்காமல் விற்றுப்போகும்போது விகிதத்தைக் கொஞ்சம் ஏற்றி, புதிய தேதி போட்டு, அலமாரியில் இருக்கும் பழைய படங்களுக்கும் அதே விகிதத்தைப் போட்டுவிடுங்கள்.