டிராஜன் பொற்காசு நகல்: கட்டட முகப்புக்காகவே வாங்கலாம்
ரோமில் ஒரு நினைவுப்பொருள் கடையில் வாங்கிய, தங்க முலாம் பூசிய நகல் இது. அசல், ரோமப் பேரரசர் டிராஜன் காலத்தில் கி.பி. 112-ஐ ஒட்டி வெளியான ஔரியஸ் என்ற பொற்காசு. எடை சுமார் 7 கிராம், ஒரு சவரனுக்கும் சற்றுக் குறைவு.

பின்பக்கம்தான் அழகு! அதில் ஒரு கட்டட முகப்பு: ஆறு தூண்கள், நடுவே வாயில், மாடங்களில் சிலைகள், உச்சியில் குதிரைகள் பூட்டிய தேர், அடியில் 'ஃபோரம் டிராயன்' என்ற எழுத்து. ரோமில் டிராஜன் கட்டிய பொது மன்றம் என்று பொருள். டேசியாவை (இன்றைய ருமேனியப் பகுதி) வென்ற போர்ச் செல்வத்தில் எழுந்த அந்த மன்றத்தை வடிவமைத்தவர் டமாஸ்கஸ்காரரான அப்பொல்லோடோரஸ். முகப்பு இன்று இல்லை. அதன் தோற்றத்தை இதுபோன்ற காசுகளில் பார்க்க முடிகிறது.

தூண்களும் தேரும் நகலில் நன்றாக வந்திருக்கின்றன. மாடச் சிலைகள் மழுங்கல். விளிம்பில் வார்ப்புக் கோடு வேறு தெரிகிறது. அசலோ சுத்தியலால் அடித்த காசு; அதில் இப்படிக் கோடு இருக்காது. அந்தக் கோட்டையாவது தேய்த்து விற்றிருக்கலாம்.